திரும்பி வந்த ஃப்ராக்குகள்

“மாறினது துணிதான். என் படம் மாறல” என்று எங்கள் தெருக் கேமராக்காரர் ஃபோகஸ் போட்ட சத்தம் எதிர்வீட்டு மாடிவரை கேட்டது. கேட்காமல் போயிருந்தாலும் குறையில்லை. துணி எடுக்கிற சாக்கில் அதற்குள் அங்கே மூன்று பேர் கூடிவிட்டார்கள். கொடியில்தான் துணி ஒன்றும் இல்லை.

“பொட்டிக்குள்ள வச்சு ஒட்டி அனுப்பின துணி எப்படி அத்தான் மாறும்?” என்றாள் அவர் மச்சினி சின்னவள்.

“வெயில்ல கிடந்தா மாறும். சந்தனக் கலர்ல போன ஃப்ராக் இப்ப பச்சை மஞ்சளா வந்து நிக்குது. வண்டியில எங்க போட்டு வச்சிருந்தாருன்னு அவரையே கேளு.”

அவர் என்று சுட்டப்பட்ட கூரியர்காரர் ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசற்படியில் நின்றார். திரும்பி வந்த பார்சலைக் கொடுத்துவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிற வேலைதான். ஆனால் அந்த வீட்டு வாசலுக்கு வந்தால் மட்டும் அவருக்கு எப்போதும் கொஞ்சம் நேரம் ஆகும். ஏன் என்று அன்றைக்கு யாரும் யோசிக்கவில்லை. எங்கள் தெரு யோசிக்காமல் விட்ட விஷயங்கள் மிகக் குறைவு. அதில் இது ஒன்று.

ஃபோகஸ் என்பது அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. பகலில் அவர் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் கோப்பு பார்க்கிறவர். மீதி நேரமெல்லாம் கேமராக்காரர். குடும்பத்தை வரிசையாக நிற்க வைத்துவிட்டு, “இருங்க, ஃபோகஸ் சரியில்ல” என்று அவர் குனிந்தால், நிற்கிற குழந்தைக்குப் பசி வந்து, அழுது, தூங்கியும் போய்விடும். அப்புறம்தான் கிளிக் சத்தம் கேட்கும். பெயர் தானாக வந்து ஒட்டிக்கொண்டது.

அவர் வீட்டு உள் அறையைப் பார்த்தவர்கள் சொல்வார்கள், அங்கே மனிதர்களைவிட லென்ஸுகள் வசதியாக வாழ்கின்றன என்று. பூஞ்சை பிடிக்காமலிருக்க அவற்றுக்கென்று தனி அலமாரி. கண்ணாடிக் கதவு போட்டு, உள்ளே ஈரம் எவ்வளவு என்று எண் காட்டும். அவர் மனைவி பெரியவள், மழைக்காலத்தில் உளுத்துப்போகிற பருப்பு டப்பாவை அதற்குள் வைக்கலாமா என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தாள். மனுஷர் இரண்டு நாள் பேசவில்லை. ஹார்ட் டிஸ்குகளைத் துணி உறையில் போட்டு, ஒன்றோடொன்று இடிக்காமல் அடுக்கி வைத்திருப்பார். “முட்டை அடுக்கறார்” என்பாள் பெரியவள். எடுத்த படம் எதையும் அவர் அழித்ததில்லை. கேமரா தந்ததைக் கை வைக்காமல் ஒரு பிரதி, அதையே இன்னொரு டிஸ்கில் ஒரு பிரதி. “எதுக்குங்க இத்தனை?” என்று கேட்டால், “ஒருநாள் வேணும்னு வரும்” என்பார். அந்த ஒருநாள் இன்னும் வரவில்லை என்பது பெரியவளின் நிரந்தரக் குத்தல்.

சின்னவள் பெரியவளின் தங்கை, மாடியில் குடியிருப்பவள். முப்பது தாண்டியவள். கல்யாணப் பேச்சை எடுத்தவர்களையெல்லாம் வாயாலேயே வாசல் தாண்டி அனுப்பிவிட்டவள். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் நாள் முழுக்கக் காலர் மட்டும் தைத்துத் தைத்து, சட்டையின் மீதிப் பாகம் எப்படியிருக்கும் என்பதே மறந்துபோய்விடும் போலிருக்கிறது என்று சொல்லிவிட்டு வேலையை விட்டாள். மாடியில் மெஷின் போட்டுக் குழந்தைகளுக்கு ஃப்ராக் தைத்தாள். போனில் படம் போட்டு விற்றாள். படம் எடுக்கும் பொறுப்பை ஃபோகஸ் கேட்டு வாங்கிக்கொண்டார். அத்தனை வருஷத்தில் முதல் முறையாக அவர் படத்துக்கு ஒரு வேலை வந்திருக்கிறது. மனுஷருக்குக் கால் தரையில் பாவவில்லை.

தையல் நேர்த்தியானது. விற்கவும் விற்றது. ஆனால் போனதில் பாதி திரும்பி வந்தது. கிழியவில்லை, அளவு தப்பவில்லை. எல்லோரும் சொன்னது ஒரே வார்த்தை: படத்தில் பார்த்த நிறம் வேறு, வந்த நிறம் வேறு.

முதலில் ஃபோகஸ் லென்ஸைச் சந்தேகப்பட்டார். வேறு லென்ஸ் வந்தது. பிறகு விளக்கு, குடை வைத்த இரண்டு விளக்குகள் மாடியேறின. பிறகு மெமரி கார்டு. மெமரி கார்டுக்கும் நிறத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க வீட்டில் ஆள் இல்லை. பிறகு புது மானிட்டர், அகலமானது, மேசையில் வேறு எதற்கும் இடம் விடாதது. அதுவும் கொஞ்ச நாளில் மஞ்சளடிக்கிற மாதிரி அவருக்குப் பட்டது. ஸ்கிரீன் மேல் எலி மாதிரித் தொங்கவிட்டால் நிறத்தை அளந்து சரிசெய்து தரும் கருவி ஒன்று வாங்கினார். அது சரிசெய்து முடித்ததும் ஸ்கிரீன் முன்னைவிட மஞ்சளாகத் தெரிந்தது. கருவி பழுது என்று கடையில் திருப்பிக் கொடுத்தார். கடைக்காரர் மறுபேச்சில்லாமல் வேறு கொடுத்தார். அதுவும் பழுது. கடைசியில், “எந்த மெஷினும் மனுஷன் கண்ணுக்கு ஈடாகாது” என்று முடிவுகட்டி, ஒவ்வொரு படத்தையும் தன் கண்ணாலேயே திருத்தத் தொடங்கினார். ஃப்ராக்குக்குப் பின்னால் இருக்கிற சுவர் வெள்ளைவெளேரென்று ஆகும்வரை விடமாட்டார்.

“என் போன்ல நீலமா தெரியுதே அத்தான்” என்று சின்னவள் ஆரம்பத்திலேயே சொல்லிப் பார்த்தாள். போனில் படம் பார்ப்பது பாவம் என்கிற கட்சி ஃபோகஸ். “போன் ஸ்கிரீன் பொய் சொல்லும்மா. என் ஸ்கிரீன்ல வந்து பாரு” என்றார். வாங்குகிறவர்கள் எல்லோரும் போனில்தான் பார்க்கிறார்கள் என்பது அவருக்குப் பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. பணம் போட்டு லென்ஸும் விளக்கும் வாங்குகிற அத்தானிடம் அதற்கு மேல் எப்படிப் பேசுவது என்று அவளும் விட்டுவிட்டாள்.

அப்படி விட்டதற்குத்தான் அன்றைக்குச் சண்டை. அன்று காலை தொழிற்சாலை மேற்பார்வையாளர் அவளை அழைத்திருந்தார். திரும்பி வருவதாக இருந்தால் இந்த மாதக் கடைசிக்குள் சொல், இல்லையென்றால் உன் மெஷினில் வேறு ஆளை உட்கார வைக்கிறேன் என்று. சின்னவள் மாடியில் உட்கார்ந்து, இந்தப் பெட்டியும் திரும்பி வந்தால் காலருக்கே போய்விடுவது என்று தீர்மானம் செய்துகொண்டிருந்தாள். கீழே மணி அடித்தது. பெட்டி வந்துவிட்டது.

“எனக்கு எது மாறிச்சுன்னு தெரிய வேணாம் அத்தான். நான் வேலைக்குத் திரும்பிப் போறேன். நீங்க சந்தோஷமா மரம் செடின்னு படம் எடுங்க” என்றாள். குரல் உடைந்ததை மறைக்க ஃப்ராக்கை உதறினாள்.

ஃபோகஸுக்குச் சுருக்கென்றது. கம்ப்யூட்டரிலிருந்து எழுந்து வந்த கோலத்திலேயே நின்றிருந்தவர், ஃப்ராக்கைப் பிடுங்கிக்கொண்டு உள் அறைக்கு நடந்தார். எல்லோரும் பின்னால் போனார்கள். அழைக்காத கூரியர்காரரும் செருப்பைக் கழற்றிவிட்டுப் போனார். துணியை ஸ்கிரீனுக்குப் பக்கத்தில் பிடித்தார்.

“பாரு. ஸ்கிரீன்ல சந்தனம். கையில மஞ்சள். வெளுத்திருக்கா இல்லையா?”

“ஸ்கிரீன்ல நீலம். கையிலதான் சந்தனம்” என்றாள் சின்னவள்.

“எனக்கும் அப்படித்தாங்க தெரியுது” என்றாள் பெரியவள்.

தன் சொந்த அறையில், தன் சொந்த மானிட்டருக்கு முன்னால், தன் சொந்த மனைவியே சாட்சி மாறுவாள் என்று ஃபோகஸ் எதிர்பார்க்கவில்லை. பிரின்டரிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை உருவி ஸ்கிரீனில் வைத்துப் பார்த்தார். தாளும் மஞ்சளாக இருந்தது. பழைய கட்டு, பழுத்துவிட்டது என்றார். அது நேற்று பிரித்த கட்டு என்று பெரியவள் சொன்னாள். அவள் தோளில் கிடந்த துண்டைப் பார்த்து, அதுவும் பழுத்துவிட்டதே, சோப்பை மாற்று என்றார். இடையில் கூரியர்காரர் கையெழுத்துக்காகப் போனை நீட்டினார். அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “உங்க போனும் மஞ்சளடிக்குதே, ஸ்கிரீன் போயிடுச்சு போல” என்றார்.

“போன வாரம்தான் சார் வாங்கினேன்” என்றார் கூரியர்காரர் பரிதாபமாக.

பெரியவள் தன் கணவரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். துண்டைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள், புதுப் போனைப் பார்த்தாள். உலகத்தில் எல்லாமே ஒரே நாளில் பழுத்துவிட்டது என்றால் ஒன்று உலகம் கெட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் பார்க்கிறவர் கெட்டிருக்க வேண்டும். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு எது என்று கண்டுபிடிக்க நேரம் ஆகவில்லை. கையை நீட்டி, அவர் மூக்கிலிருந்த கண்ணாடியைக் கழற்றித் தன் கண்ணில் மாட்டிக்கொண்டாள். சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தாள்.

“அடடா. வீடே காமாலை வந்து கிடக்குதுங்க” என்றாள்.

கம்ப்யூட்டர் கண்ணாடி. கண் எரிகிறது என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் போனபோது கண்ணாடிக் கடையில் கொடுத்தது. ஸ்கிரீன் வெளிச்சம் கண்ணைக் கெடுக்காமலிருக்க லேசாக மஞ்சள் பூசியிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. ஃபோகஸ் அதைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும்போது மட்டும் போடுவார். படம் எடுக்கும்போது கழற்றிவிடுவார். சுவரை வெள்ளையாகத்தான் எடுத்தார். திருத்த உட்கார்ந்ததும் அது அவருக்கு மஞ்சளாகத் தெரிந்தது. நீலத்தைக் கலந்து கலந்து வெளுக்க வைத்தார். லென்ஸ் மாற்றினார், விளக்கு மாற்றினார், மானிட்டர் மாற்றினார். மாற்றாதது மூக்கின் மேலிருந்த ஒன்றைத்தான்.

ஃபோகஸ் வெறும் கண்ணால் ஸ்கிரீனைப் பார்த்தார். நீல ஃப்ராக் ஒன்று குளிரில் நடுங்குகிற மாதிரி அங்கே தொங்கியது. அடுத்த படம் நீலம். அதற்கு அடுத்ததும். மனுஷர் நாற்காலியில் உட்கார்ந்தார். சின்னவள்தான் முதலில் சிரித்தாள். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. பெட்டிமேல் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வர சிரித்தாள். கூரியர்காரர் அவள் சிரிப்பதையே பார்த்துக்கொண்டு நின்றார். இதையும் பெரியவள் அந்த மஞ்சள் கண்ணாடி வழியாகப் பார்த்தாள்.

“வெயில்ல போட்டீங்கன்னு சொன்னேன். மன்னிச்சுக்கங்க தம்பி” என்றார் ஃபோகஸ் கூரியர்காரரிடம்.

“பரவாயில்ல சார். வெயில்லதான் நானும் கிடக்கிறேன். நான் எப்பவுமே இந்தக் கலர்தான்.”

மறுநாள் ஃபோகஸ் அலுவலகத்துக்கு லீவு போட்டார். முட்டை மாதிரி அடுக்கி வைத்த டிஸ்குகள் அன்றைக்குத்தான் உறையை விட்டு வெளியே வந்தன. கேமரா தந்த முதல் பிரதிகள் அத்தனையும் கை படாமல் அப்படியே இருந்தன. திருத்தியதுதான் தப்பு, எடுத்தது தப்பில்லை. வெறும் கண்ணோடு உட்கார்ந்து, சின்னவளைப் பக்கத்தில் ஃப்ராக்கோடு உட்கார வைத்து, ஒவ்வொன்றையும் துணியோடு ஒத்துப்பார்த்து நிறத்தைக் கொண்டுவந்தார். சாயங்காலத்துக்குள் சின்னவளின் போன் கடை முழுவதற்கும் புதுப் படம் ஏறிவிட்டது. பெரியவள் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு டிஸ்குகளை ஒரு முறை தடவிக் கொடுத்தாள். “ஒருநாள் வேணும்னு வரும்னு சொன்னீங்களே” என்று மட்டும் சொன்னாள். அவருக்கு அது விருது வாங்கின மாதிரி இருந்தது.

அந்த வாரம் ஒரு பெட்டிகூடத் திரும்பவில்லை. அடுத்த வாரமும் இல்லை. மாதக் கடைசியில் சின்னவள் மேற்பார்வையாளரைக் கூப்பிட்டு, என் மெஷினில் வேறு ஆளை உட்கார வையுங்கள் என்று சொல்லிவிட்டாள்.

ஃபோகஸுக்கு வேறு ஒரு வேலை பாக்கியிருந்தது. கேமராக் கடைக்குப் போய், பழுது என்று திருப்பிக் கொடுத்த கருவிகளைப் பற்றி உண்மையைச் சொன்னார். கடைக்காரர் சிரிக்காமல் கேட்டது பெரிய விஷயம். மேசை இழுப்பறையிலிருந்து அவற்றில் ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்தார். “ரெண்டும் நல்லாத்தான் சார் இருந்துச்சு. நீங்க ஆசையா வர்ற ஆளு, எதுக்கு வருத்தப்படுத்தணும்னு விட்டுட்டேன்” என்றார்.

இன்னும் யாரெல்லாம் இப்படிச் சொல்லாமல் விட்டார்களோ என்று அவருக்கு உறைத்தது. இரண்டு வருஷமாகத் தெருவில் எல்லோருக்கும் அவர் படம் எடுத்துச் சட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறார், கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும். திரும்பி வரும் வழியில் ஒவ்வொரு வீடாக ஏறினார். மருந்துக்கடைக்காரரின் குடும்பப் படம் கடைச் சுவரில் நீலமாகத் தொங்கியது; மருந்து சாப்பிடுவதற்கு முன்னால் எடுத்த விளம்பரம் என்று வாடிக்கையாளர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்களாம். சலூன்காரர் மகன் நீலம். எதிர்வீட்டு மாடிக்காரர்கள் மூன்று பேரும் நீலம். “இதெல்லாம் ஏன் யாருமே சொல்லல?” என்று கேட்டார். மருந்துக்கடைக்காரர் தலையைச் சொறிந்தார். “கலைன்னா அப்படித்தான் இருக்கும்போலன்னு நினைச்சோம். அதோட, நீங்க மண்டி போட்டு, வேர்த்து வழிஞ்சு எடுத்தீங்களே. எப்படிச் சொல்றது?”

எல்லாவற்றையும் சரிசெய்து வேறு தருகிறேன் என்றார். வேறு கொடுங்கள், ஆனால் இதையும் கழற்ற மாட்டோம் என்று பாதிப் பேர் சொல்லிவிட்டார்கள். ஃபோகஸ் வீட்டுக்கு வந்து கைகால் கழுவினார். முகத்தைக் கழுவ மட்டும் அதிக நேரம் எடுத்துக்கொண்டார். “இந்தத் தெருவுக்கு நான் என்ன பண்ணிட்டேன்னு இவ்வளவு நாள் பொறுத்துக்கிட்டாங்க?” என்று பெரியவளிடம் கேட்டார். “அதைத்தான் நானும் யோசிக்கிறேன்” என்றாள் அவள், துண்டை நீட்டியபடி.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றுதான் நாங்களும் நினைத்தோம். ஆனால் சின்னவளின் முகம் களையாக இல்லை. ஃப்ராக் விற்கிறது, ஒன்றும் திரும்பவில்லை, துள்ளிக் குதிக்க வேண்டியவள் பாவாடைச் சுருக்கில் ஊசியைக் குத்திவிட்டு ஜன்னலையே பார்த்தாள். வாசலில் மணி அடித்தால் நூலை அறுத்துக்கொண்டு கீழே ஓடி வந்தாள். பால் போடுகிறவர் என்று தெரிந்ததும் படி ஏறுவதற்குள் வயது கூடிவிட்டது. புதுப் பெட்டிகளை எடுத்துப் போக வேறு ஒரு வண்டி வரும். திரும்பி வரும் பெட்டிகள்தான் கூரியர்காரரின் பொறுப்பு. திரும்பி வர ஒன்றும் இல்லாததால் அவரும் வரவில்லை.

ஃபோகஸுக்கு இதெல்லாம் தெரியாது. அவர் புது ஜூம் லென்ஸைச் சோதிக்க ஜன்னலில் முக்காலி போட்டுத் தெருமுனையைக் குறிவைத்துக்கொண்டிருந்தார். அங்கே ஒரு வண்டி நின்றது. ஓட்டி வந்தவர் இறங்கி டயரை அமுக்கிப் பார்த்தார். டயரில் காற்று நன்றாக இருந்தது. அடுத்த டயரையும் பார்த்தார். பிறகு கண்ணாடியில் தலைமுடியைக் கோதிக்கொண்டு, இந்த வீட்டு மாடியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வண்டியைக் கிளப்பிப் போய்விட்டார். மறுநாளும் அதே நேரம், அதே டயர். முகம் பளிச்சென்று தெரிந்தது. அவர் வாழ்க்கையில் ஃபோகஸ் முதல் தடவையிலேயே சரியாக விழுந்தது அன்றைக்குத்தான்.

பெரியவளை அழைத்துக் காட்டினார். கேமராவுக்குள் பார்த்துவிட்டு அவள், இதற்கு இத்தனை பெரிய லென்ஸ் தேவையில்லை, நான் அந்த மஞ்சள் கண்ணாடியிலேயே பார்த்துவிட்டேன் என்றாள்.

“அவளுக்குச் சொல்ல வராது. அவருக்குக் கேக்க வராது. என்ன பண்றது?” என்றாள்.

ஃபோகஸ் மேசை இழுப்பறையைத் திறந்து, மூலைக்குப் போயிருந்த கம்ப்யூட்டர் கண்ணாடியை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஸ்கிரீன் முன்னால் உட்கார்ந்தார். போன் கடையிலிருந்து ஒரு ஃப்ராக் படத்தை, இருப்பதிலேயே சின்னதை, எடுத்தார். சுவர் வெள்ளைவெளேரென்று ஆகும்வரை நீலத்தைக் கலந்தார். தொழில் மறக்கவில்லை. அந்தப் படம் கடையில் ஏறியதும் பெரியவள் தன் தோழி ஒருத்தியைப் போனில் பிடித்து, அந்த ஃப்ராக்கை வாங்கு, வந்ததும் நிறம் சரியில்லை என்று திருப்பு, காரணம் நேரில் சொல்கிறேன் என்றாள்.

பெட்டி போயிற்று. பெட்டி திரும்பி வந்தது.

மணி அடித்ததும் சின்னவள் இறங்கி வந்தாள். வாசலில் கூரியர்காரர் பெட்டியைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றார். “கலர் சரியில்லன்னு திருப்பிட்டாங்க” என்றார். அந்தக் கெட்ட செய்தியைச் சொல்கிற முகமாக அது இல்லை. சின்னவள் பெட்டியைப் பிரித்தாள். சந்தன நிறம். போனை எடுத்துப் படத்தைப் பார்த்தாள். நீலம். திரும்பி உள்ளே பார்த்தாள். ஃபோகஸ் நாற்காலியில் சாய்ந்து, மூக்கில் மஞ்சள் கண்ணாடியோடு, கூரையில் எதையோ ஆராய்ந்துகொண்டிருந்தார்.

“அத்தான், அந்தக் கண்ணாடியை ஏன் மறுபடியும் போட்டீங்க?”

“கண்ணு எரிஞ்சுதும்மா.”

“யாருக்கு எரிஞ்சுது?”

“உள்ள வரச் சொல்லேன் அவரை” என்றாள் பெரியவள் சமையலறையிலிருந்து. “எவ்வளவு நேரம் அந்த மனுஷனை வெயில்ல நிக்க வைப்பே? ஏற்கெனவே ஒரு பேச்சு வாங்கினவரு.”

சின்னவள் ஒதுங்கி வழிவிட்டாள். கூரியர்காரர் செருப்பைக் கழற்றினார். அன்றைக்கு அவர் கையெழுத்து வாங்க மறந்து போனார். அதை வாங்க மறுநாள் வந்தார். அப்புறம் எதையாவது மறந்துகொண்டே இருந்தார்.

அவர்கள் கல்யாணம் சின்னதாக, மாடியிலேயே நடந்தது. படம் எடுத்தது ஃபோகஸ்தான். மாப்பிள்ளைக்குக் கால் வலித்து, பெண்ணுக்குப் பசித்து, எங்களுக்கெல்லாம் வியர்த்துக் கொட்டிய பிறகுதான் கிளிக் சத்தம் கேட்டது, ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. சின்னவள் இப்போது கணவரோடு வேறு ஊரில் இருக்கிறாள். கீழே ஃப்ராக் கடை, மேலே வீடு. மாப்பிள்ளை சொந்தமாகப் பெட்டி சுமக்கிறார், போவதும் அவர் வண்டிதான், எப்போதாவது திரும்பி வருவதும் அவர் வண்டிதான். போகும்போது சின்னவள் அத்தானிடம் கேட்டு வாங்கிப்போனது ஒன்றே ஒன்று. அவள் தையல் மெஷினுக்கு மேலே சுவரில் ஆணியடித்து அந்த மஞ்சள் கண்ணாடி தொங்குகிறதாம். அதைப் பற்றி யார் கேட்டாலும், அது எங்கள் அத்தான் எனக்கு மாப்பிள்ளை பார்த்த கண்ணாடி என்கிறாளாம்.